ஒருவர் நிற்க, ஒருவர் நகர

முத்துச்செல்வி தன் கணவன் சிரித்து முதன்முதலாகக் கேட்டது ஒரு வாட்ஸப் குரல் பதிவில். கல்யாணமாகி நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சிரிப்புக்குக் காரணம் ஒரு சாவு. சாகடித்தது அவள்தான்.

அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டின் நேரக்கணக்கைச் சொல்லிவிட வேண்டும். படப்பையில் புது மனைகளுக்கு நடுவே ஒரு மாடி வீடு. அவள் கணவன் வானமாமலை ஒரகடத்தில் கியர் செய்யும் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தான். அவனுக்கு பி ஷிஃப்ட். மதியம் போனால் நடுராத்திரிக்குத்தான் திரும்புவான். முத்துச்செல்விக்கு வல்லம் வடகாலில் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் ஏ ஷிஃப்ட். விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து நின்றுவிடும். அவள் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். அவள் திரும்பும்போது அவன் போயிருப்பான். அவன் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்று மிச்சம். அதையும் பாதி வாரங்களில் ஓவர்டைம் பிடுங்கிக்கொள்ளும்.

எனவே இருவரும் பாத்திரங்கள் வழியாகத்தான் குடும்பம் நடத்தினார்கள். அவள் குழம்பு வைத்து மூடிவிட்டுப் போவாள். திரும்பி வந்து பார்த்தால் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும். குழம்பு பிடித்ததா என்று சட்டி சொல்லாது.

ஒரு நாளில் ஒரே ஒரு முறை அவர்கள் நேரில் பார்த்துக்கொண்டார்கள். ஒரகடம் கூட்டு ரோட்டு மேம்பாலத்தைத் தாண்டியதும் அவளுடைய பஸ் ஆள் இறக்க நிற்கும். எதிர்ப் பக்கத்தில் படப்பையிலிருந்து வரும் அவனுடைய பஸ் சிக்னலுக்கு நிற்கும். நடுவில் ஒரு தடுப்புச் சுவர். இரண்டாவது வாரத்திலிருந்து அவள் வலப்பக்க ஜன்னலில் உட்காரத் தொடங்கினாள். மூன்றாவது வாரம் பார்த்தால் அவனும் அந்தப் பக்க ஜன்னலில் இருந்தான். அவள் கையை அசைப்பாள். அவன் வருகைப் பதிவுக்குப் பேர் கூப்பிட்ட மாதிரி ஒரு முறை தலையை அசைப்பான். சிக்னல் மாறிவிடும்.

"இன்னாடி, உங்க வூட்டுக்காரரு பேசுவாரா, இல்ல இப்டியே ஆட்டிக்கினே இருப்பாரா?" என்பாள் பக்கத்து சீட்டு மெர்சி. வாலாஜாபாத் பக்கத்துக்காரி, லைனிலும் அவளுக்கு அடுத்த இடத்தில் நிற்பவள், வயதில் மூத்தவள்.

"பேசுவாகக்கா. தேவைன்னா பேசுவாக."

அப்படிச் சொல்லிக்கொண்டாலும் முத்துச்செல்விக்கு உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. அவன் குணமே அமைதியா, இல்லை தன்னிடம் பேச அவனுக்கு ஒன்றும் இல்லையா? மாமியார் கல்யாண வீட்டில் பெருமையாகச் சொன்னது வேறு நினைவுக்கு வரும்: "எம் மவன் பி ஷிஃப்டை அவனே கேட்டு வாங்கினானாக்கும்." அவள் கம்பெனியில் தைக்கு ஒருமுறை, ஆடிக்கு ஒருமுறைதான் ஷிஃப்ட் மாற்றப் பேர் கொடுக்கலாம். பொங்கல் முடிந்ததும் பேர் வாங்குவார்கள். தானும் பி ஷிஃப்டுக்குப் போய்விட்டால் இருவருக்கும் காலைகள் கிடைக்கும். ஆனால் கேட்டு வாங்கின தனிமையில் போய் உட்கார்ந்து, அவன் முகம் மாறிவிட்டால்? இந்தக் கேள்வியோடுதான் அவளுக்குக் கார்த்திகை கழிந்தது.

அந்தச் சாவு நடந்தது ஒரு மதியம். சீரியல் பார்க்கலாம் என்று அவனுடைய பழைய லேப்டாப்பைத் திறந்தாள். பாலிடெக்னிக் படிக்கும்போது வாங்கியது. மூலையில் ஒரு விரிசல். திரையில் மேலிருந்து பார்த்த மாதிரி ஒரு ஊர். சரக்குப் பெட்டிகளுக்குப் பின்னால் ஆறு பேர் துப்பாக்கியோடு பதுங்கியிருந்தார்கள். யாரும் அசையவில்லை. அவளை எதிர்பார்த்துக் காத்திருந்த மாதிரி இருந்தது. ஒரு மீசைக்காரக் கிழவர் மேல் சும்மா ஒரு க்ளிக் கொடுத்தாள். பிறகு தெருவில் ஒரு க்ளிக். கிழவர் எழுந்து, நல்லவர் போலத் தெருவின் நட்ட நடுவுக்கு நடந்து போனார். அவரைத் திருப்பி அனுப்ப வழி தெரியாமல் கீழே இருந்த ஒரு பொத்தானை அழுத்தினாள். நான்கு பக்கத்திலிருந்தும் சுட்டார்கள்.

லேப்டாப்பை மூடினாள். பிறகு போனை எடுத்துப் பேசி அனுப்பினாள்.

"ஏங்க, ஒரு தப்பு நடந்துபோச்சு. லேப்டாப்புல ஒரு பெரியவர் ஒளிஞ்சிருந்தாரு. நான் லேசா தொட்டேன். அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. சுட்டுட்டாங்க. நான் ஒண்ணும் செய்யல, மூடி வச்சுட்டேன். நீங்க வந்து பாத்துட்டு வையாதீங்க."

அவன் கம்பெனியில் போன்களை லாக்கரில் வைக்க வேண்டும். டீ இடைவேளையில்தான் எடுக்கலாம். அந்த நேரத்துக்குப் பதில் வந்தது. முதலில் வெறும் சிரிப்பு. பக்கத்தில் யாரோ "என்னப்பா, என்னாச்சு?" என்று கேட்கும் அளவுக்குச் சிரிப்பு. பிறகு குரல்.

"செல்வி, அவரு சாகல்லாம் மாட்டாரு. நான் சேவ் பண்ணி வச்சிருக்கேன். வந்து எழுப்பிவிட்டுருதேன். அது கூலிப்படை வெளையாட்டு. ஒரு நாட்டை ஒரு கொடுங்கோலன் புடிச்சு வச்சிருக்கான். நாம ஆளுங்களைச் சம்பளத்துக்குக் கூட்டிட்டுப் போயி, ஒவ்வொரு ஊரா மீட்கணும். நீயும் வெளையாடு. ஒரு அவசரமும் கெடையாது. நீ ஒரு முறை நகர்த்தினா அவங்க ஒரு முறை நகர்த்துவாங்க. நீ நகர்த்துத வரைக்கும் காத்துக்கிட்டேதான் கெடப்பாங்க."

நாளெல்லாம் ஓடும் பெல்ட்டின் முன்னால் நிற்கிறவள் அவள். காத்துக் கிடக்கும் ஒரு பொருளை அவள் அந்தக் கம்பெனியில் பார்த்ததே இல்லை. பதிவைத் திரும்பக் கேட்டாள். விளையாட்டைப் பற்றிச் சொன்ன பகுதியை ஒருமுறை. சிரிப்பைப் பலமுறை.

இப்படித்தான் ஆரம்பித்தது. மதியம் வீடு திரும்பி அவள் விளையாடுவாள். என்ன செய்தாள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு பதிவு அனுப்புவாள். அவன் வீடு வந்ததும் தன் முறையை ஆடிவிட்டு, அவளுக்காக ஒரு பதிவு விட்டு வைப்பான். அவள் அதை விடியற்காலை பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போவாள். லைனில் ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் நிலவரம் சொல்லி ஒப்படைப்பார்களே, அதே பழக்கம். இருவருக்கும் கையில் ஊறியது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

விளையாட்டைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

"நீ எல்லாரையும் ஒரே செவத்துக்குப் பின்னால வரிசையா நிப்பாட்டியிருக்க. ஒரு குண்டு விழுந்தா மொத்தமும் போச்சு. அவங்க என்ன, கம்பெனி பஸ்சுக்கா நிக்காங்க? தள்ளித் தள்ளி நிப்பாட்டு."

"சுடுததுக்கு முன்னால குத்த வைக்கச் சொல்லு. நின்னுக்கிட்டே சுட்டா கை ஆடும். கூரைக்கு ஏணி இருந்தா மீசையை ஏத்திவிடு. அவருக்குத் தூரத்துக் கண்ணு."

"மீசைக்கும் தொந்திக்கும் ஆகாது. ரெண்டு பேரையும் ஒரே படையில போடாத. ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பாத்தா ரெண்டு பேருக்கும் குறி தப்பும்."

மீசை, தொந்தி என்பதெல்லாம் அவள் வைத்த பெயர்கள். விளையாட்டில் வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்கள் இருந்தன. கட்டுப்போடத் தெரிந்தவள் டாக்டரம்மா. இருப்பதிலேயே குறைந்த சம்பளத்துக்கு வந்த ஒரு பொடியனை முத்துச்செல்வியே வேலைக்கு எடுத்தாள். அவனுக்குச் சுப்பன் என்று பெயர். சுப்பன் சுட்டால் பக்கத்துச் சுவரில் படும். சில நாள் தொந்தி மேல் படும்.

"ஏங்க, சுப்பனை அனுப்பிருவோமா? தண்டச் சம்பளம்."

"அனுப்பாண்டாம். ஊர்க்காவலுக்குன்னு ஒரு மூலையில உக்கார வச்சா அவன் காலத்துக்கும் இப்படியேதான் இருப்பான். வெளிய கூட்டிட்டுப் போயி, கிட்டக்க நின்னு சுட வை. சுடச் சுடத்தான் கை தேறும். பாவம், அவனும் வீட்டை விட்டு வந்தவன்தான."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் பஸ்ஸில் கேட்டாள். வெளியே வல்லத்துத் தெருவிளக்குகள் அணையாமல் இருந்தன. திரையில் ஓடும் ஒரு பொம்மைப் பையனுக்காகப் பாவப்படுகிறவன் நல்ல மனிதனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வரவே வராத பாடம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முறைக்கு இத்தனை பாயிண்ட் என்று கொடுப்பார்கள். நடக்க, குனிய, சுட, எல்லாவற்றுக்கும் அதிலிருந்து கழியும். முத்துச்செல்வி கடைசிப் பாயிண்ட் வரை செலவழித்துவிட்டுத்தான் முறையை முடிப்பாள். நடக்க இடமில்லாவிட்டால் ஆளை ஒரு வட்டம் சுற்றவாவது விடுவாள். அடுத்து எதிரி மூலை திரும்பி வந்து நிற்பான். இவளுடைய ஆட்கள் துப்பாக்கியைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் நிற்பார்கள்.

"ஏன் செல்வி மிச்சமே வைக்க மாட்டேங்குத? கொஞ்சம் பாயிண்ட் கையில இருந்தா, எதிராளி கண்ணுல பட்டதும் அவன் முறையிலயே நாம முந்திச் சுடலாம்."

"எனக்கு மனசு வரல. லைன்ல ஒரு போர்டுக்கு இவ்வளவு நேரம்னு இருக்குல்லா. சீக்கிரம் முடிச்சுட்டு கைய கட்டுனா சூப்பர்வைசர் முனிரத்தினம் சார் பின்னால வந்து நிப்பாரு. 'இன்னாமா, சும்மா நிக்கிற?'ன்னு கேப்பாரு. சும்மா இருந்தா எனக்குப் பயம்மா இருக்கு."

அவன் பதில் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தது. "முனிரத்தினம் சார் நம்ம வீட்டுக்கு வர மாட்டாரு. வீட்டுல நீ சும்மா இரு." பிறகு, "நேத்து வச்ச புளிக்குழம்பு நல்லா இருந்துச்சு. சொல்ல விட்டுப்போச்சு. இதுக்கு முன்னால வச்சதும்தான்."

சட்டி இப்போது பேசத் தொடங்கிவிட்டது.

மார்கழியில் ஒருநாள் இயர்போன் வயர் சரியாகச் சொருகாமல் அவள் பதிவைத் தட்டிவிட்டாள். பஸ் முழுக்க வானமாமலையின் குரல் நிதானமாக ஒலித்தது. "தலையைக் குறி வைக்காத, தப்பிரும். முதல்ல காலைச் சுடு. விழுந்ததும் கிட்டக்க போயி முடிச்சிரு. துப்பாக்கியை எடுத்துக்கோ, பொணத்தை அப்படியே விட்டுட்டு வந்துரு."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் விழித்திருந்தார்கள்.

"இதான் உங்காளு பேசறதா?" என்றாள் மெர்சி. "தலை ஆட்டும்போதே நெனச்சேன். எங்க வூட்டுக்காரரு போன் பண்ணா, பால் பாக்கெட் வாங்கிக்கினு வான்னுதான் சொல்லுவாரு. உனக்குப் பாரு, என்னா ரொமான்ஸ்."

அன்றிலிருந்து பஸ்ஸே அந்தப் போரில் இறங்கிவிட்டது. ஒரகடம் சிக்னலில் இரண்டு பஸ்களும் எதிரெதிரே நிற்கும் நேரத்தை முத்துச்செல்வி வீணாக்கவில்லை. அவன் முந்தைய நாள் கேட்டிருந்த கேள்விகளுக்கு ஜன்னல் வழியே விரல்களால் பதில் சொன்னாள். விரல்களை விரித்தால் அத்தனை எதிரிகள் பாக்கி. இரண்டு விரல்களை நடக்க விட்டால், ஆளை நகர்த்தப் போகிறேன். உள்ளங்கையைக் கீழே அமர்த்தினால், நின்ற இடத்தில் நில். அவனும் கற்றுக்கொண்டான். போனில் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அவன் போனின் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. மதியம் கிளம்பும்போது செத்திருக்கும், கம்பெனி லாக்கரில் போய்த்தான் சார்ஜ் ஏற்றுவான். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான சார்ஜர்கள் அவள் கை வழியாகப் போவதை மெர்சி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மீட்டு வைத்திருந்த ஒரு சுரங்க ஊரை அவர்கள் இழந்தது அந்த நாட்களில்தான். ஊருக்குக் கிழக்கே ஒரு பாலம். அவள் மதியம் தன் படையைப் பாலம் தாண்டிக் கூட்டிப் போனாள்; அதைப் பதிவில் சொல்ல விட்டுப்போயிற்று. அவன் தன் முறையில், அவள் பாலத்தில் இருப்பாள் என்ற நினைப்பில், கூரைமேல் காவல் நின்ற மீசையையும் இறக்கி மேற்கே கொண்டுபோனான். ஊர் காலியாகக் கிடந்தது. எதிரிகள் ஒரு தோட்டாச் செலவில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"தப்பு ரெண்டு பேரு மேலயும்தான்," என்றது அவன் பதிவு. "இனிமே இதான் சட்டம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நகரக் கூடாது. ஒருத்தர் நகர்ந்தா ஒருத்தர் நின்னு காவல் காக்கணும். நகருதவங்க முதல்ல சொல்லிரணும்."

பொங்கலுக்கு நாங்குநேரி போனார்கள். வீடு நிறைய உறவுக்கூட்டம். பேசவே வாய்க்கவில்லை. அவள் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டு வரும்போது அவன் இலையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டான், "சுப்பனுக்குக் கை எப்படித் தேறியிருக்கு?" அவள் கரண்டியோடு சிரித்துவிட்டாள். மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்த வாரம், ஷிஃப்ட் மாற்றப் பேர் வாங்குகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

முத்துச்செல்வியிடம் இப்போது பழைய பயம் இல்லை. பதிலுக்கு ஒரு குறும்பு வந்திருந்தது. சொல்லாமல் செய்ய வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலை அவன் கண் விழித்தால் தான் பக்கத்தில் இருக்க வேண்டும். "லேட்டாயிருச்சே, பஸ் போயிருக்குமே" என்று அவன் பதற வேண்டும். அந்தப் பதற்றத்தைப் பார்த்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை பதிவில் அவனும் ஏதோ இழுத்தான். "நாளைக்கு ஒரு விசயம் சொல்லுதேன். இப்ப சொல்ல மாட்டேன்." கொடுங்கோலனின் கோட்டைக்கு ஏதோ வழி கண்டுபிடித்திருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை முனிரத்தினத்தின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"பி ஷிஃப்டா? நல்லா யோசிச்சியாமா? ஏ ஷிஃப்டுக்கு அவனவன் வரிசையில நிக்கிறான்."

"யோசிச்சுட்டேன் சார்."

"அப்றம் ரெண்டு நாள் கழிச்சு வந்து, சார் மாத்திடுங்கன்னு நிக்கக் கூடாது. பேர் குடுத்தா குடுத்ததுதான். அடுத்து ஆடிக்குதான் வாய தொறக்கணும்."

"சரிங்க சார்."

அவர் எழுதிக்கொண்டார். அவள் பெல்ட்டுக்குத் திரும்பினாள். அன்று கை அவ்வளவு வேகமாக ஓடியது. நேரம் மிஞ்சியபோது, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள். முனிரத்தினம் பார்த்தார். அடுத்த லைனுக்குப் போய்விட்டார்.

ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் மெர்சியிடம் சொன்னாள். மெர்சி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு தன் கதையை எடுத்தாள்.

"உங்க ஊர்க்காரங்களுக்கு இந்த மாசம் இன்னா ஆச்சோ. எங்க வூட்டுக்காரரு கம்பெனிலயும் ஒரு திருநெல்வேலிக்காரரு ஷிஃப்ட் மாத்திக்க ஆள் தேடிக்கினு கீறாராம். அவருக்கு பி ஷிஃப்டு வோணாவாம், ஏ ஷிஃப்டு வோணுமாம். பதிலுக்கு ஆள் குடுத்தாதான் அங்க மாத்துவாங்க. இவருகிட்ட வந்து கேட்டுருக்காரு. இவரு, பிரியாணி போடு, வர்றேன்னு சொல்லிட்டாரு. இன்னிக்கு ரெண்டரைக்கு இவரு வெளிய வர, அவரு உள்ள போக, ரெண்டு பேரும் சூப்பர்வைசர்கிட்ட கையெழுத்து போடறாங்க."

மெர்சியின் கணவன் அன்பு ஒரகடத்தில் கியர் கம்பெனியில் ஏ ஷிஃப்ட். அது முத்துச்செல்விக்குத் தெரியும். ஆனால் அவள் ஊர் வழக்கப்படி கணவன் பெயரை வாயால் சொன்னதில்லை. 'அவுக', 'எங்க வீட்ல' என்றே இத்தனை நாளும் ஓட்டியிருந்தாள். மெர்சிக்கு அவளுடைய ஆள் ஒரு ஜன்னல் முகம், ஒரு குரல். அவ்வளவுதான்.

"அவுக பேரு என்னக்கா சொன்னாரு?"

"இன்னாவோ மலைன்னாரு. திருமலையா... இல்ல. பெருசா இருக்கும். ஆளு வாயே தொறக்க மாட்டாராம், பிரியாணின்னதும் தலைய ஒரு ஆட்டு ஆட்டினாராம்."

முத்துச்செல்வி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "வானமாமலையா?" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறை அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்தது.

"ஆங், அதான். உனக்கெப்டித் தெ..." மெர்சி பாதியில் நிறுத்தினாள். அவள் முகத்தைப் பார்த்தாள். "அடிப்பாவி."

அவன் ஏ ஷிஃப்டுக்கு. இவள் பி ஷிஃப்டுக்கு. அவளுடைய பேர் போய்விட்டது, திரும்ப வராது. ஆடி வரைக்கும் மறுபடியும் சட்டியும் குழம்பும். பாலம் காலி, கூரையும் காலி.

அவனுக்கு அடித்தாள். போன் செத்திருந்தது. மெர்சி அன்புக்கு அடித்தாள். "இவரு போனு லாக்கர்ல தூங்குது," என்றாள். பஸ் மேம்பாலத்தின் கீழே திரும்பிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது அந்தச் சிக்னல் ஒன்றுதான்.

அவனுடைய நீல பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலில் அவன் இருந்தான். அன்றைக்கு அவனாகவே முதலில் கையைத் தூக்கினான். முகத்தில் ஒரு ரகசியம் வைத்திருக்கிற களை. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவள் ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் தள்ளித் திறந்தாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு விரல்களை நடக்க விட்டாள். பிறகு அவனைக் காட்டி, உள்ளங்கையைக் கீழே அமர்த்தினாள். நான் நகர்கிறேன். நீங்கள் நில்லுங்கள்.

அவன் தலையைச் சாய்த்தான். மீசையைக் கூரையிலிருந்து இறக்காதே என்று சொல்கிறாள் போலும் என்று நினைத்துக் கட்டைவிரலைக் காட்டினான்.

"அவருக்குப் புரில," என்றாள் மெர்சி. எழுந்து நின்று அவளும் உள்ளங்கையை அமர்த்தினாள். பின் சீட்டுப் பெண்கள் என்ன ஏதென்று கேட்டார்கள். மெர்சி ஒரே மூச்சில் சொன்னாள். ஒரு நிமிடத்தில் அந்தப் பக்கத்து ஜன்னல்கள் அத்தனையிலும் கைகள் கீழே கீழே என்று அமர்த்திக்கொண்டிருந்தன. நீல பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த இரண்டு பேர், தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று பயந்து உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவரும் ஹாரனில் கை வைத்தார்.

முத்துச்செல்வி கழுத்திலிருந்த கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றினாள். அதை உயர்த்திப் பிடித்தாள். அவன் பார்க்கிறானா என்று உறுதி செய்துகொண்டாள். அட்டையின் மேல் இரண்டு விரல்களை வைத்து, அவன் பக்கமாக, மெதுவாக, ஒவ்வொரு அடியாக நடக்க விட்டாள். பிறகு மறுபடியும் உள்ளங்கை.

வானமாமலை அசையாமல் பார்த்தான். தன் கழுத்து அட்டையைக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். தன்னைக் காட்டி, விரல்களை அவள் பக்கம் நடக்க விட்டு, புருவத்தைத் தூக்கினான். நான் நகரப் போவது உனக்கு எப்படித் தெரியும்?

அவள் மெர்சியைக் காட்டினாள். மெர்சி, எதற்கும் இருக்கட்டும் என்று, பிரியாணி சாப்பிடுவது போலச் செய்து காட்டினாள்.

அப்போது அவனுக்கு விளங்கியது. அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். பையின் மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்தினான். பிறகு சிரித்தான். அவள் இரண்டு மாதமாகக் காதால் மட்டும் கேட்டிருந்த சிரிப்பு. மேல்வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பியிருந்தது. சிரித்தால்தான் அது தெரிகிறது. இத்தனை நாளும் அவளுக்கு இது தெரியாது.

சிக்னல் பச்சையானது. நீல பஸ் நகர்ந்தது. இந்த பஸ்ஸில் கைதட்டல் அடங்கப் படப்பை வரை ஆயிற்று.

டீ இடைவேளைக்கு வந்த பதிவு சிறியதாக இருந்தது. "சட்டத்தைப் போட்டவனே மீறிட்டேன். சொல்லாம நகர்ந்துட்டேன்."

"நானுந்தான்," என்று அவள் அனுப்பினாள். "ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா? பி ஷிஃப்டை நீங்களே கேட்டு வாங்குனீங்கன்னு அத்தை சொன்னாங்க. அது போயிருமேன்னு உங்களுக்கு வருத்தம் இல்லையா?"

"அப்ப ரூம்ல நாலு பேரு. நான் பி ஷிஃப்ட் போனா பகல்ல கட்டில் காலியா கெடைக்கும். அதுக்குத்தான் வாங்கினேன். இதையா இத்தனை மாசமா மனசுல வச்சிருந்த?"

ஞாயிற்றுக்கிழமை மெர்சியும் அன்பும் வீட்டுக்கு வந்தார்கள். ஷிஃப்ட் மாறவில்லையே, பிரியாணி எதற்கு என்று வானமாமலை கேட்டுப் பார்த்தான்.

"மாறறேன்னு சொன்னேன்ல. மனசால மாறிட்டேன்," என்றான் அன்பு. "வாக்கு குடுத்தா குடுத்ததுதான்."

மட்டன் வேகும் நேரத்தில் மெர்சி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். சுப்பனைத் தேர்ந்தெடுத்து, தெருக்கோடிவரை ஓடவிட்டு, சுவரில் இரண்டு குண்டு சுட்டு, மிச்சத்துக்கு அவனை ஒரு வட்டம் சுற்றவும் விட்டாள்.

"அக்கா, கொஞ்சம் பாயிண்ட் கையில வைங்க," என்றாள் முத்துச்செல்வி.

"எதுக்கு? சும்மாவா இருக்கும் அது?"

"சும்மாதான் இருக்கும். இருக்கட்டும்."

சமையலறையிலிருந்து வானமாமலை எட்டிப் பார்த்தான். கையில் வெங்காயம், கண்ணில் தண்ணீர். அந்தத் திரும்பிய பல் தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை விடியற்காலை அவளுடைய பழைய அலாரம் அடித்தது. மாற்ற மறந்திருந்தாள். அவன் திடுக்கிட்டு எழுந்தான். "செல்வி, பஸ் போயிரும்," என்று அவள் தோளை உலுக்கினான்.

எல்லாம் தெரிந்த பிறகும் தூக்கத்தில் அவன் பதறிய அந்தப் பதற்றம் அப்படியே அவள் ஆசைப்பட்ட மாதிரி இருந்தது. அவள் அலாரத்தை அணைத்தாள். உள்ளங்கையை அவன் முன்னால் கீழே அமர்த்தினாள்.

அவன் படுத்தான். வெளியே அவள் ஏறாத பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது.